காலைத் தும்மல்: மாத்திரையை நிறுத்துவதா, சொட்டு மருந்தை நிறுத்துவதா?

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29. இரண்டு வருடமாக விடியற்காலையில் எழுந்ததும் இருபது முப்பது தும்மல். ஒன்பது மணி வரை மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, கண் அரிக்கிறது. இராத்திரியானால் மூக்கு அடைத்துக்கொள்கிறது. தினமும் படுக்கும் முன் ஒரு செட்ரிசின் மாத்திரை, மூன்று மாதமாக மூக்கில் சொட்டு மருந்தும் சேர்ந்திருக்கிறது. தயிரும் தலைக்குளியலும்தான் காரணம் என்கிறார் அம்மா. ஒரு ஊசி போட்டால் வருடம் முழுக்க வராது என்கிறார் நண்பர். "மாத்திரையால் கிட்னி போய்விடும் என்கிறார்கள், நிறுத்திவிடலாமா? இதற்கு நிரந்தரத் தீர்வு இல்லையா?" என்று முடித்திருக்கிறார்.

பார்த்தால் மாத்திரையைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. எழுதியதை இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது வேறு. தம்பி, நீங்கள் பயப்பட வேண்டாத மருந்துக்குப் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டிய மருந்தைக் கேள்வியே இல்லாமல் இராத்திரிதோறும் மூக்கில் விட்டுக்கொள்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நான் மருந்தாளுநர். மதுரையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். டாக்டர் இல்லை. உங்கள் மூக்குக்குள் தண்டு வளைந்திருக்கிறதா, சதை வளர்ந்திருக்கிறதா என்பதை நானோ வேறு யாரோ எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் எந்த மருந்து என்ன செய்யும், அதை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே பிசகுகிறது என்பதைத் தினமும் கண்ணெதிரே பார்க்கிறவன். அந்த அளவில் நின்று சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தத் தொல்லைக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. ஒருவர் "எனக்கு சைனஸ்" என்பார், இன்னொருவர் "டஸ்ட் அலர்ஜி" என்பார், மூன்றாமவர் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி "ஈஸ்னோபில் ஜாஸ்தி" என்பார். பெரும்பாலும் எல்லாம் ஒன்றே, மூக்கின் ஒவ்வாமை. உடம்புக்குத் தீங்கில்லாத ஒரு தூசியை மூக்கின் உள்சவ்வு எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. அங்கே இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது நரம்பைத் தொட்டால் அரிப்பும் தும்மலும், சுரப்பியைத் தொட்டால் தண்ணீர். இது சில நிமிடங்களில் நடப்பது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். அப்போது சவ்வே வீங்கிக்கொள்கிறது. உங்களுடைய மூக்கடைப்பு இந்த வீக்கம்தான். சளி வந்து அடைக்கவில்லை, அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் திறப்பதில்லை.

இது புரிந்தால் மருந்துக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். செட்ரிசின் ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். தும்மல், அரிப்பு, ஒழுகல் மூன்றுக்கும் நன்றாகக் கேட்கும். வீக்கத்துக்கு அவ்வளவாகக் கேட்காது. உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். மாத்திரை போட்டும் அடைப்பு போகவில்லை, யாரோ சொட்டு மருந்தைச் சொன்னார்கள், விட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறந்தது, அதன் பிறகு அதை விட முடியவில்லை.

சரி, அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சோடியம் குளோரைடு மட்டும் என்று போட்டிருந்தால் அது வெறும் உப்புத் தண்ணீர். கவலையே வேண்டாம், தினமும் விடலாம். சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்று இருந்தால் நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே மாதிரி இருக்கும். கடையில் "மூக்குச் சொட்டு" என்று கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

இந்த இரண்டாவது வகை, மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வீக்கம் உடனே வடியும். ஆனால் மருந்தின் பிடி விட்டதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக விரிந்துகொள்ளும். ஆகவே மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள், அதற்கு மேல் இதைத் தொடக்கூடாது. மூன்று மாதம் விட்டிருக்கிறீர்கள் என்றால் இப்போது இராத்திரி வரும் அடைப்பில் ஒவ்வாமையின் பங்கு எவ்வளவு, இந்த மருந்தே உண்டாக்கும் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு இது வேறு வகையிலும் ஆபத்து. வீட்டில் அப்பாவுக்கும் மூக்கடைப்பு என்று அதே பாட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், மாதாமாதம் ஒருவர் வந்து "அண்ணே, அந்த மூக்குச் சொட்டு ரெண்டு குடுங்க" என்பார். நானும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் கடை பூட்டும் நேரத்தில் ஓடிவந்தார். "அது இல்லாம தூக்கம் வராதுண்ணே, ஆறு வருசமா விடுறேன்" என்றார். கேட்காமல் கொடுத்தது என் தவறு. அன்றிலிருந்து இரண்டாவது பாட்டில் கேட்டு வருகிற யாரிடமும் எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

இதிலிருந்து வெளியே வர வழி உண்டு, இரண்டு வாரம் பொறுமை வேண்டும். டாக்டர்கள் வழக்கமாகச் செய்வது, முதலில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்குவது. பிறகு ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துவது. அந்தப் பக்கம் சில நாள் முழுக்க அடைத்துக்கொள்ளும், மறுபக்கத்தால் மூச்சு விட்டுத் தூங்கலாம். ஒரு பக்கம் தேறியதும் மறுபக்கத்தையும் நிறுத்த வேண்டும். முதல் வாரம் கஷ்டம்தான், மறைக்கவில்லை. தலைமாட்டில் இன்னொரு தலையணை, படுக்கும் முன் உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுதல், இந்த இரண்டும் அந்த நாட்களில் கைகொடுக்கும்.

ஸ்டீராய்டு என்றதும் ஒரு அடி பின்னால் போயிருப்பீர்கள். கவுண்டரில் இந்தச் சொல்லைக் கேட்டு ஸ்ப்ரேயைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அதே ஆட்கள், காய்ச்சல் சளிக்குச் சீட்டில்லாமல் வாங்கும் 'செட் மாத்திரை'யில் ஒரு பொடி வெள்ளை மாத்திரையாக ஸ்டீராய்டை விழுங்கிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. விழுங்குகிற மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது. அதை அடிக்கடி எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் ஊதும். மூக்கில் அடிக்கும் புளூட்டிகசோன், மொமெட்டாசோன் போன்றவை மைக்ரோகிராம் கணக்கில் மூக்கின் சவ்வில் விழுந்து அங்கேயே வேலை செய்பவை. ரத்தத்தில் கலப்பது மிகச் சிறு பங்கு. தொடர்ந்து அடைப்பு இருக்கும் ஒவ்வாமைக்கு இன்றைக்கு உள்ள மருந்துகளில் இது முதல் வரிசையில் நிற்பது என்பதே மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது. குழந்தைகளுக்கு நீண்ட நாள் கொடுத்தால் உயரத்தை அளந்து கவனிப்பார்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஸ்ப்ரே மெதுவாக வேலை செய்கிற மருந்து. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். "நாலு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அதைவிட அதிகம், அடிக்கிற முறை தெரியாதவர்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். மல்லிகைதான் தனக்கு ஆகவில்லை, தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்ப்ரே எழுதியிருந்தார். ஐந்தாம் நாள் பாட்டிலோடு வந்து, "எரியுதுப்பா, தொண்டையில கசக்குது, ரத்தம் வேற வருது" என்றார். எப்படி அடிக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். தலையை அண்ணாந்து, வலது கையால் வலது மூக்கில் வைத்து, நுனியை நடுத்தண்டைப் பார்க்கத் திருப்பி, மூக்குப்பொடி போடுவதுபோல 'சர்' என்று ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். மருந்து அத்தனையும் தொண்டைக்குப் போயிருக்கிறது. தண்டில் அடித்த இடம் காய்ந்து ரத்தம் கசிந்திருக்கிறது.

சரியான முறை இது. முதலில் மூக்கைச் சிந்தி, பாட்டிலைக் குலுக்கிக்கொள்ளுங்கள். புதுப் பாட்டில் என்றால் நன்றாகப் புகைபோல வரும்வரை நாலைந்து முறை காற்றில் அழுத்துங்கள். தலையை லேசாகக் குனியுங்கள், அண்ணாக்கக் கூடாது. இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. அப்படி மாற்றிப் பிடித்தாலே நுனி தானாக வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பிக்கொள்ளும். அழுத்தும்போது மெல்ல மூச்சை இழுங்கள், பூவை முகர்வது போல. தொண்டையில் கசந்தால் வேகமாக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பழக்க பத்து நிமிடம் ஆனது. மாதக் கடைசியில் வந்தபோது மூக்கு திறந்திருந்தது, பூக்கடையும் நடக்கிறது. மல்லிகை மகரந்தம் காற்றில் பறந்து ஊரெல்லாம் போகிற ரகம் இல்லை. ஏற்கனவே வீங்கிப் புண்ணாகியிருக்கும் மூக்குக்கு எந்தக் கடும் வாசனையும் ஆகாது. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், பெயின்ட், தாளிக்கும் மிளகாய் நெடி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வீக்கம் வடிந்தால் பூ வாசம் மறுபடி வெறும் பூ வாசமாகிவிடும்.

இப்போது உங்கள் மாத்திரைக்கு வருகிறேன். செட்ரிசின் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அந்த மருந்து சிறுநீர் வழியாக வெளியேறுகிறது, அதனால் ஏற்கனவே கிட்னி பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். அது மருவி 'கிட்னியைக் கெடுக்கும்' என்று ஆகிவிட்டது. செட்ரிசினின் உண்மையான குறை தூக்கம். எல்லோருக்கும் வராது, வருகிறவர்களுக்கு மறுநாள் காலையிலும் தலை கனக்கும். நீங்கள் பைக்கில் மேலூர் ரோட்டில் வேலைக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதை லேசாக விடாதீர்கள். பழைய குளோர்பெனிரமின் வகைகள் இன்னும் மோசம், அவற்றைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டவே கூடாது. மயக்கம் குறைந்தது வேண்டுமென்றால் பெக்சோபெனடின் இருக்கிறது. அதைத் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறோடு எடுத்தால் உடம்பு மருந்தைச் சரியாக உறிஞ்சாது.

இரண்டு வருடம் தினமும் போட்டதைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நீண்ட நாள் செட்ரிசின், லீவோசெட்ரிசின் எடுத்தவர்கள் சிலருக்கு நிறுத்திய சில நாட்களில் உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வருவதாக 2025-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. அரிதாக நடப்பதுதான். ஆனாலும் தெரிந்துகொண்டால், அப்படி அரித்தால் 'அலர்ஜி முற்றிவிட்டது' என்று பதறாமல் இருக்கலாம். ஸ்ப்ரே நன்றாகக் கேட்ட பிறகு டாக்டரிடம் கேட்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. உங்கள் அட்டையில் மான்டிலுகாஸ்ட் என்ற இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே லீவோசெட்ரிசினோடு சேர்த்தே அதிகம் எழுதுகிறார்கள். சிலருக்கு அது கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு தருகிறது. 2020-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை வந்துவிட்டது. அப்படி ஏதாவது தோன்றினால், குறிப்பாகக் குழந்தைகள் குணம் மாறினால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நண்பர் சொன்ன ஊசி விஷயம் சிக்கலானது. ஊசி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு வைத்தியம் இருக்கிறது. உடம்பில் தங்கி மெல்லக் கரையும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று. போட்டதும் பல வாரம் சொர்க்கம் மாதிரி இருக்கும். சர்க்கரை, எலும்பு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு எல்லாவற்றிலும் கை வைக்கும். மூக்கு ஒவ்வாமைக்கு இதை வழக்கமாகப் போட வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது. இன்னொன்று ஒவ்வாமைக்கே உடம்பைப் பழக்கும் வைத்தியம், இம்யூனோதெரபி. எந்தத் தூசி ஆகவில்லையோ அதையே மிகச் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுப்பார்கள். லியோனார்ட் நூன் என்பவர் 1911-ல் லண்டனில் புல் மகரந்தத்தை வைத்து இதைச் செய்து காட்டினார். இப்போது நாக்குக்கு அடியில் விடும் சொட்டாகவும் கிடைக்கிறது. நிரந்தரத் தீர்வு என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்கு மிக அருகில் வருவது இது ஒன்றுதான். ஆனால் மூன்று முதல் ஐந்து வருடம் தொடர வேண்டும், செலவு உண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அபூர்வமாக ஊசி போட்டதுமே கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால், போட்ட பிறகு அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைப்பார்கள். இதற்கு முன்னால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள். அதற்குச் சில நாள் முன்பே செட்ரிசினை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு தப்பாக வரும். எத்தனை நாள் முன்பு என்று பரிசோதனைக்கு நாள் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் நூறு உணவுக்கு ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருளைப் பார்த்து, இதைச் சாப்பிடாதே அதைச் சாப்பிடாதே என்று நீளமான பட்டியல் தரும் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது ஒவ்வாமையைக் காட்டுவதில்லை, அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும்.

காரணம் என்ன என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது. வருடம் முழுக்க, காலை எழுந்ததும், வீட்டிலேயே. இப்படி வருவதற்கு முதல் சந்தேகம் படுக்கைதான். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அவற்றின் சாப்பாடு. கடிப்பதில்லை. அவற்றின் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. எட்டு மணி நேரம் அதன் மேல் முகம் புதைத்துத் தூங்கி எழுகிறோம். உங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தப் பக்கத்தில் போடியிலிருந்து வாங்கிய பஞ்சில் தைத்த மெத்தை இல்லாத பழைய வீடு குறைவு. பஞ்சின் மேல் குற்றமில்லை. இத்தனை வருடத் தூசி அதற்குள் இருப்பதுதான் குற்றம்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை கொதி வெந்நீரில் ஊறப்போட்டுத் துவையுங்கள். 60 டிகிரிச் சூட்டில்தான் பூச்சி சாகும், குழாய்த் தண்ணீரில் துவைத்தால் அது குளித்துவிட்டுத்தான் வரும். மெத்தையைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போடுவது நல்ல பழக்கம். ஈரம் போனால் பூச்சி வாழாது. ஆனால் செத்த பூச்சியின் கழிவு உள்ளேயே இருக்கும். அதனால் தட்டி உதற வேண்டும், தட்டுவது நீங்களாக இருக்கக் கூடாது. மெத்தை மிகப் பழையதென்றால் மாற்றிவிடுங்கள், அல்லது ஜிப் வைத்த நெருக்கமான உறை போட்டு மூடுங்கள். கோரைப் பாயில் படுத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பத்து நாள் பாயில் படுத்துக் காலைத் தும்மல் பாதியாகக் குறைந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். உறையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு மற்றதெல்லாம் பழையபடி இருந்தால் பலன் தெரிவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. மின்விசிறி இறக்கையில் படிந்த தூசி, ஏசி வடிகட்டி, கட்டிலுக்கு அடியில் அடைத்த பழைய துணி மூட்டை என எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஏர் கூலர் வைத்திருந்தால் படுக்கை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அறையை ஈரமாக்கிப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைக்கிறது.

மழைக்குப் பிறகு மட்டும் அதிகம், அல்லது ஆடிக் காற்றில் மட்டும் அதிகம் என்றால் கதை வேறு. மழை விட்டதும் தரிசிலும் ரோட்டோரத்திலும் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அது மூக்குக்கும் ஆகாது, வெறும் கையால் பிடுங்கினால் தோலும் தடித்துப் போகும். கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் அந்த மரங்களை அகற்றச் சொன்னது தண்ணீருக்காக என்றாலும், என்னைப் போன்றவர்கள் மூக்குக்காகவும் அதை வரவேற்றோம். ஒரு சின்ன நோட்டில் மூன்று வாரம் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்குத் தும்மல், முந்தின இரவு எங்கே படுத்தேன், வெளியூர் போனபோது எப்படி இருந்தது. அந்த நோட்டை டாக்டர் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் குறையாமல் மதிப்பார்.

மூக்கு கழுவுவது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை விளக்கிவிடுகிறேன். 300 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் கலக்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. எரிந்தால் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் மூக்கு கழுவும் பாட்டிலில் ஊற்றி, வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வெளியேற்ற வேண்டும். முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். ஸ்ப்ரே அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு கழுவினால் ஸ்ப்ரேயும் நன்றாகப் பிடிக்கும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் அப்படியே மூக்கில் ஏறக் கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கும் அமீபாவால் பலர் இறந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த அமீபா குடிக்கும் தண்ணீர் வழியாக வருவதில்லை, பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

அம்மா சொன்ன தயிருக்கு வருகிறேன். தயிரும் தலைக்குளியலும் மூக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன என்பதற்குச் சான்று இல்லை. தயிர் சாப்பிட்ட நாளில் உங்களுக்குக் கூடுகிறதென்று நோட்டில் தெரிந்தால் விடுங்கள், இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நானும் பிடிப்பதுண்டு. அது ஒவ்வாமையை மாற்றாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொதிக்கும் சட்டியை வைத்து ஆவி பிடிக்காதீர்கள், கவிழ்ந்து வெந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எண்ணெயை மூக்கிலும் மார்பிலும் தேய்ப்பதும் வேண்டாம். அது வலிப்பு வரைக்கும் கொண்டு போகும்.

கண் அரிப்புக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கசக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். கசக்கிக் கசக்கியே கருவிழியின் வடிவம் கூம்பிப் போனவர்கள் உண்டு. சிவந்த கண்ணை ஒரே நாளில் வெளுக்கவைக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். மூக்கு ஸ்ப்ரேக்குப் பயப்படாதே என்று சொன்ன நானே சொல்கிறேன், கண்ணுக்கு அதைச் சீட்டில்லாமல் விடவே விடாதீர்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வை போனால் திரும்ப வராது.

இவையெல்லாம் உங்களுக்கு இருப்பது வெறும் மூக்கு ஒவ்வாமை என்ற நம்பிக்கையில் சொன்னது. இராத்திரி இருமல், மாடி ஏறினால் இளைப்பு, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் ஆஸ்துமா சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனி வைத்தியம் வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், போய்க் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைப்பு, ரத்தம், துர்நாற்றம் என்றால் அது ஒவ்வாமையின் முகமே இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் அப்படி இருந்தால் புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கலாம். ஏதாவது சாப்பிட்ட பிறகோ ஊசி போட்ட பிறகோ உதடு நாக்கு வீங்கி, மூச்சு திணறி, தலை சுற்றினால் செட்ரிசினைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்து மருந்து அட்ரினலின் ஊசி.

இந்த வாரத்துக்குள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். செலவுக்குத் தயங்கினால் அரசு இராசாசி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். எழுதித் தரும் ஸ்ப்ரே விலை அதிகமாகத் தெரிந்தால், அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள் தம்பி. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாக எடுத்து மேசைமேல் வைத்து, மூன்று மாதமாக இதை விடுகிறேன் என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.